முதற்பொருள் உண்மையும் நாத்திகர் மூன்று வினாக்களும்

கடவுள் உண்டென்பார்க்கும் இல்லென்பார்க்கும் இடையே நிகழும் வழக்குத் தமிழ்நாட்டிற்கு நேற்று வந்ததன்று. மணிமேகலையின் 27-ஆம் காதையில் சமயக் கணக்கர் வரிசையிலே பூதவாதியும் நின்று தன் கொள்கையை எடுத்துரைக்கின்றான். நீலகேசி பூதவாதச் சருக்கத்தோடு முடிகின்றது. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தில் 14 மதங்களை எடுத்து ஆராயப் புகுந்தபோது முதலிடத்தை உலகாயதனுக்கே அளித்தார். அவன் கூற்றை அவன் வாயாலேயே முழுதும் சொல்லவிட்டு, அதன்பின்னரே மறுப்பைத் தொடங்கினார். மாற்றான் கோட்பாட்டை அவனே ஒப்புமாறு கூறிய பின்னன்றி மறுத்தல் கூடாதென்பது நம் ஆசிரியர்கள் கைக்கொண்ட நெறி.

அந்நெறி பிற்காலத்து நம்மவரிடத்தே தளர்ந்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் குறை. சென்னையிலே 1882 முதல் 1888 வரை வெளிவந்த தத்துவ விவேசினி என்னும் இதழ், மேனாட்டு நாத்திக நூல்களின் கருத்தைத் தமிழில் பரப்பிற்று. 1925-இல் ஈரோட்டில் தோன்றிய குடி அரசு அப்பணியைப் பன்மடங்கு பெருக்கிற்று. பெர்ட்ரண்டு ரஸ்ஸல் என்னும் ஆங்கில அறிஞர் 1927-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6-ஆம் நாள் இலண்டனில், தாம் கிறித்தவர் அல்லாமைக்குக் காரணங்கூறி ஆற்றிய சொற்பொழிவும், பகத்சிங் 1930-இல் இலாகூர்ச் சிறையிலிருந்து தாம் நாத்திகரானமைக்குக் காரணங்கூறி எழுதிய கட்டுரையும் தமிழில் பெயர்க்கப்பட்டுப் பலராலும் படிக்கப்பட்டன. பின்னதைத் தமிழாக்கியவர் ப. ஜீவானந்தம். இவற்றிற்கு நம்மவர் இறுத்த விடைகளோ பெரும்பாலும் இருவகையே. ஒன்று வசை. மற்றொன்று, ஆங்கிலப் பாதிரியார் வில்லியம் பேலி 1802-இல் வெளியிட்ட நூலிற் கூறிய கடிகார உவமையைக் கடன்வாங்கி, கடிகாரத்திற்கு ஒரு கம்மியன் உண்டாதலின் உலகிற்கும் ஒருவன் உண்டென்று சொல்லிவிட்டு அமைதல். முன்னது விடையே அன்று. பின்னது விடையேனும் நம்முடையதன்று. பிறர் கடவுட்குப் பிறர் கூறிய அரணுள் நாம் புகுந்து நின்று, அவ்வரண் இடியுங்கால் நாமும் இடர்ப்படுகின்றோம்.

ஆகலின் நாத்திகர் வினாக்களுள் தலையாய மூன்றினை எடுத்து, அவற்றுள் எவை சித்தாந்தத்தைத் தாக்குவன, எவை தாக்காதன என்பதை ஈண்டு ஆராய்வாம். காணப்படாத பொருளை உண்டெனல் யாங்ஙனம் என்பது முதல்வினா. உலகைச் செய்தவன் ஒருவன் உளனாயின் அவனைச் செய்தவன் யாவன் என்பது இரண்டாவது. கருணையுடையான் ஒருவன் உளனாயின் இத்துணைத் துன்பம் ஏன் என்பது மூன்றாவது. இவற்றை அளந்து பார்ப்பதற்குரிய உவமைகளை நூல்களிற் பயின்ற குடத்திலும் புகையிலும் மட்டும் தேடாமல், தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும் ஆகிய ஒரு நிலப்பகுதியினின்று கொள்வாம். இம்மூன்று வினாக்கட்கும் உரிய எடுத்துக்காட்டுகள் அங்கே ஒருங்கே கிடைத்தலே அதற்குக் காரணம்.

1. காணப்படாத பொருள்

போடி மலைகளைச் சார்ந்த பொட்டிப்புரம் என்னும் ஊரருகே, மலையைக் குடைந்து அதனுள்ளே நியூட்ரினோ ஆய்வுக்கூடம் ஒன்று அமைக்கக் கருதி, 2015-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சுமார் 50,000 டன் நிறையுள்ள காந்தமேற்றிய இரும்புக் கருவியொன்று அதன்கண் வைக்கப்படுதற்கு இருந்தது. மலைக்கும் காட்டிற்கும் நீர்நிலைகட்கும் கேடு விளையுமென ஊர்மக்களும் பிறரும் எதிர்த்தனர். தமிழ்நாட்டரசு அதனை இசையாதென 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அவ்வழக்கு நம் ஆராய்ச்சிக்குரியதன்று. அக்கருவி தேடற்கிருந்த பொருளே நமக்கு வேண்டுவது.

அணுவின் கரு ஒருவகையாற் சிதைந்து எலெக்ட்ரானை வெளிப்படுத்துங்கால், வரவேண்டிய ஆற்றலின் ஒரு பகுதி கணக்கிற்கு அகப்படாது ஒழிந்தது. அதனை எடுத்துச்செல்லும் காணப்படாத துகள் ஒன்று உண்டாதல் வேண்டுமென 1930-இல் பௌலி என்னும் அறிஞர் கருதியுரைத்தார். கோவன், ரைன்ஸ் என்போர் அதனைக் கருவியால் உணர்ந்தது 1956-இல். இடைப்பட்ட 26 ஆண்டும் அத்துகள் கருதலளவை ஒன்றானே அறிஞருலகில் வழங்கிற்று. பின்னர் 1965-இல், வளிமண்டலத்திற் பிறந்து பூமியினுள் புகும் நியூட்ரினோக்கள் கோலார்த் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தே உணரப்பட்டன. காட்சி ஒன்றே அளவை என்னும் உலகாயதன் கூற்று இதனாற் கெடும். கருதலை நீக்கினால் பௌதிக நூலே நடவாதாகலின்.

அற்றேல், விஞ்ஞானிகளும் காணாததை நம்புகின்றனர், யாமும் காணாததை நம்புகின்றேம், இரண்டும் ஒன்றே எனச் சிலர் மேடைகளிற் கூறுதல் பொருந்துமோ எனின், பொருந்தாது. என்னை? கருதலளவை என்பது புகைக்கும் நெருப்பிற்கும் உள்ளதுபோலப் பிரியாத் தொடர்பொன்றனை வேண்டி நிற்பது. பௌலி கூறிய துகள் இத்துணை ஆற்றலையுடையது, இவ்விடத்து இவ்வாறு வெளிப்படும், வெளிப்படாதாயின் அக்கருத்துப் பிழை என்னும் வரையறையோடு கூறப்பட்டது. அவ்வரையறை இல்லாத நம்பிக்கையை அதனோடு ஒப்பித்தல் அளவை நூலார்க்கு அடாது. நாத்திகர் இதனை எடுத்துக்காட்டி நகுவராயின் அவர்மேற் குற்றமில்லை.

இவ்வெடுத்துக்காட்டினால் நாம் பெறுவது ஒன்றே. காணற்குரிய பொருள் காணற்குரிய இடத்துக் காணப்படாவிடின், அஃது இல்லையெனத் துணியலாம். மேசைமீது குடம் காணப்படாமையால் ஆண்டுக் குடம் இல்லையெனத் துணிவதுபோல. பொறிகட்கு விடயமாகாத பொருளைப் பொறிகளாற் காணாமைபற்றி இல்லையெனத் துணிதல் கூடாது. சித்தாந்தி கூறும் முதற்பொருள் பொறியுணர்விற்கும் கருவியறிவிற்கும் விடயமாகாதது எனவே கூறப்படுதலின், கண்ணாற் காட்டுக என்னும் வினா அதனைத் தாக்காது. ஆயினும் தாக்காமை வேறு, நிறுவப்படுதல் வேறு. முதல்வினாவினால் வழி அடைபடவில்லை என்பதன்றி, ஊர் சேர்ந்தாம் என்பது பெறப்படவில்லை.

2. செய்தவனைச் செய்தவன்

உலகிலுள்ள ஒவ்வொன்றிற்கும் காரணம் வேண்டுமாயின் கடவுட்கும் காரணம் வேண்டும். காரணமின்றி ஒன்று இருத்தல் கூடுமாயின் அவ்வொன்று உலகேயாதலும் கூடும் என்பது ரஸ்ஸல் சொற்பொழிவின் கருத்து. இதில் இரண்டு கூறுகள் உள. நம்மவர் பெரும்பாலும் முதற்கூற்றை மட்டும் எடுத்து மறுத்துவிட்டு, வலிய இரண்டாங்கூற்றைக் காணாதவர்போல் அகல்கின்றனர்.

முதற்கூறு சித்தாந்தத்தைத் தாக்காதென்பது எளிதின் விளங்கும். எல்லாவற்றிற்கும் காரணம் உண்டென்று மெய்கண்டார் யாண்டும் கூறிற்றிலர். அவன், அவள், அது எனச் சுட்டியறியப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குதலின், அங்ஙனம் தொழிற்படுவதற்குச் செய்வோன் ஒருவன் வேண்டும் என்பதே சிவஞானபோத முதற்சூத்திரத்தின் கருத்து. தோற்றமும் ஒடுக்கமும் இல்லாததற்குச் செய்வோனைத் தேடுதல் அவ்வாதத்தின்கண் இல்லை. மேலும் இறை, உயிர், தளை என்னும் மூன்றும் தொடக்கமில்லாதன என்பது நம் கொள்கை. ஒன்றுமில்லாமையினின்று உலகைப் படைத்தான் என்பது நம் நூலிற் காணப்படாத கொள்கை. குடத்திற்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் ஆதல்போல, உலகிற்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம் என்க.

இனி, இரண்டாங்கூறு. மாயை தொடக்கமில்லாதது என நீவிரே ஒப்புகின்றீர். அஃது தானே உலகாய் விரிந்து ஒடுங்கும் எனக் கொள்ளின் வரும் இழுக்கு யாது? இதனை முதலில் வினாவியவர் ரஸ்ஸல் அல்லர். நம் பரபக்கத்திலேயே மறுக்கப்படும் நிரீச்சுர சாங்கியர். அறிவில்லாத பால் கன்றின் பொருட்டுத் தானே சுரத்தல்போல, அறிவில்லாத பிரகிருதி புருடன் பொருட்டுத் தானே தொழிற்படும் என்பது அவர் உவமை. 1859-இல் டார்வின் வெளியிட்ட உயிரினத் தோற்றக் கொள்கை இவ்வாதத்திற்குப் புதுவலி தந்தது. கண்ணும் சிறகும் போன்ற உறுப்புகளின் செப்பம், கருதிச் செய்வான் ஒருவன் இன்றியே, இயற்கைத் தேர்வினால் நெடுங்காலத்து அமையும் என்பது இன்று சான்றுகளால் உறுதிபெற்ற நூன்முடிபு. பேலியின் கடிகார உவமை வீழ்ந்தது இங்கேயாம். அவ்வுவமையைத் தாங்கிநின்ற நம்மவரும் அதனோடு வீழ்ந்தனர்.

சடம் தானே தொழிற்படாது என்பது நம்மவர் வழக்கமாகக் கூறும் விடை. இதன் பொருளை வரையறுத்துக்கொள்ளாது கூறின் இதுவும் நில்லாது. கம்பம் பள்ளத்தாக்கில் இதனைக் காண்பாம். பெரியாறு மேற்குமலையில் தோன்றி மேற்கே ஓடி அரபிக்கடலிற் கலப்பது. அதனைத் தடுத்துக் கிழக்கே திருப்பி வைகை நாட்டிற்குக் கொணரலாம் என்னும் எண்ணம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரத்தில் எழுந்தது. 1808-இல் அதனை ஆராய்ந்த கால்டுவெல் என்னும் படைத்தலைவர் ஆகாத செயல் என்று விடுத்தார். 1886-இல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டிற்கு உடன்படிக்கை எழுதப்பட்டு, பென்னிகுவிக் என்னும் பொறியாளரின் தலைமையில் 1887 முதல் 1895 வரை அணை கட்டப்பட்டது. அதன் உயரம் 176 அடி. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் அதன் பொருள்கள். மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் கிழக்கே இறங்கிச் சுருளியாற்றோடு கூடிக் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைத்து வைகையிற் சேர்கின்றது. சுண்ணாம்பும் சுர்க்கியும் முதற்காரணம், கருவிகள் துணைக்காரணம், பொறியாளரும் தொழிலாளரும் நிமித்த காரணம் என நம் மாணாக்கர்க்குக் காட்டற்கு இதனினும் இனிய எடுத்துக்காட்டு அரிது.

ஆயினும் நாத்திகன் இவ்விடத்து ஒரு வினா எழுப்புவான். நீர் கிழக்கே ஓடுதற்குப் பொறியாளன் வேண்டும், உண்மை. அந்நீர் அதற்குமுன் எண்ணிலாக் காலம் மேற்கே ஓடிற்றே, அதற்கு யார் பொறியாளன்? சரிவினால் ஓடிற்று என்பீராயின், சடம் தானே தொழிற்படும் என ஒப்பினீர். இனி, உலகம் கிழக்கே திருப்பப்பட்ட ஆற்றை ஒத்ததோ, மேற்கே ஓடிய ஆற்றை ஒத்ததோ? குயவன் குடம் வனைதலைக் கண்டோம். பொறியாளர் அணை கட்டியமை ஏடுகளால் அறிந்தோம். உலகைச் செய்தல் யாரும் கண்டதன்று என 1779-இல் வெளிவந்த நூலில் டேவிட் ஹியூம் எழுப்பிய தடையும் இதனுள் அடங்கும்.

இவ்வினா மெய்யான வினா. இதற்குக் கடிகாரத்தாலும் குடத்தாலும் விடை வாராது. விடை வருமிடம் வேறு. நீர் தானே ஓடும். பிறிதொருவர் வயலை நோக்கி, அவர் பசியை அறிந்து, வேண்டுங்கால் வேண்டுமளவு தானே ஓடாது. சடம் தானே தொழிற்படாது என்னும் விதியின் பொருள் அசையாது என்பதன்று. பிறர் பயன் அறிந்து அதற்கேற்ப அமையாது என்பதே. ஆகவே உலகம் யாருக்கேனும் பயன்படுதற் பொருட்டு நிற்பதோ என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும். அதனை ஆற்றையும் மலையையும் நோக்கி முடிவு செய்தல் இயலாது. உயிரை நோக்கியே முடிவு செய்தல் வேண்டும். உடம்பின் வேறாய், அறிவித்தாலன்றி அறியாததாய், அறியாமையிற் கட்டுண்டு அதனினின்று நீங்கும் தன்மையதாய் உயிர் ஒன்று உண்டெனப் பெறப்படின், அதற்கு உடலும் கருவியும் உலகும் நுகர்ச்சியும் அதன் நிலைக்கேற்பக் கூட்டுவான் ஒருவன் வேண்டும் என்னும் வாதம் வலிபெறும். சடமாகிய மாயைக்கு உயிரின் நிலை தெரியாது. கட்டுண்ட உயிருக்குத் தன் நிலையும் தெரியாது. உயிர் என ஒன்று இல்லை, உடம்பின் தொழிலே உணர்வு என்பது நாட்டப்படின், முதற்சூத்திர வாதம் மேற்கே ஓடும் ஆற்றின் முன் நிற்க மாட்டாது.

மெய்கண்டார் முதற்சூத்திரத்தில் முதல்வன் உண்மை கூறி, இரண்டாவதில் அவன் உயிர்களோடு கலந்து வினைக்கீடாகச் செலுத்துமாறு கூறி, மூன்றாவதில் உடம்பே உயிர், பொறியே உயிர் என்பாரை மறுத்து உயிருண்மை நாட்டினார். இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் முக்கால். முதற்காலை மட்டும் பிடுங்கி நாத்திகன் முன் நிறுத்தின் அது சாயும். பண்டை வாதத்தில் எதிரிகள் பெரும்பாலோர் உயிருண்மை ஒப்பினவராதலின் முதற்சூத்திரத்திலிருந்து தொடங்குதல் தக்கதாயிற்று. இக்காலத்து நாத்திகரோடு வழக்காடுவார் மூன்றாஞ் சூத்திரத்திலிருந்து தொடங்குதலே முறை. நரம்புநூல் வல்லார் மூளையைப்பற்றி அறிந்தனவெல்லாம் அறிந்து, உணர்வு என்பது யாது, அறிபவன் யாவன் என்னும் இடத்தே நின்று வழக்காடல் வேண்டும்.

3. துன்பம்

பகத்சிங் கட்டுரையின் வலி அளவை நூலில் இல்லை. துன்பத்தைக் கண்ட நெஞ்சில் உளது. துன்பம் நிறைந்த உலகைக் கடவுள் ஏன் படைத்தார் என வினாவிய அவர், இந்துக்களை நோக்கி, ஏழைகளும் தாழ்த்தப்பட்டோரும் படும் துன்பம் முற்பிறப்பின் வினை என்றல், அவர்களை அவ்வாறே வைத்திருக்க விரும்புவார் கண்ட சூழ்ச்சி என்று சாடினார். 23 வயதில் தூக்குமேடை ஏறவிருந்த ஒருவர், வேண்டுதலும் வேண்டாமல், மறுமையும் நோக்காமல் எழுதியது இது. இதனை வசையால் மறுப்பது நமக்கு இழிவு.

ஏன் படைத்தார் என்னும் பகுதிக்கு விடை உண்டு. இறைவன் உயிரைப் படைத்திலன், ஆணவத்தையும் படைத்திலன். செம்பிற் களிம்புபோல உயிரோடு தொடக்கமின்றி நின்றது ஆணவம். அதனை நீக்குதற் பொருட்டே உடலும் உலகும் கூட்டினான். ஆகவே துன்பத்தின் வேர் அவன் விருப்பத்தின்கண் இல்லை. அளவிலா ஆற்றலுடையான் அதனை உடனே நீக்காதது ஏன் எனின், மலம் பக்குவப்படுங் காலம் வேண்டும் என நூல் கூறும். இவ்விடை கேட்போர் அனைவரையும் நிறைவிக்கும் என யாம் கூறேம். ஆயினும் தன்னுள் முரணாத விடை என்பது துணிபு.

வினையைப் பற்றிய பகுதியோ வேறு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வருத்திய பஞ்சத்திற் பல இலட்சம் மக்கள் மாண்டனர். பெரியாற்று நீரைக் கிழக்கே கொணரும் திட்டத்தை விரைவுபடுத்திய காரணங்களுள் அப்பஞ்சமும் ஒன்று. அப்பொழுது பசித்தோரை நோக்கி, இது உங்கள் வினைப்பயன் என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போயிருப்பானாயின், அவன் சைவ நூலின் பெயரால் சைவ நூற்கு மாறு சொன்னவனாவான். என்னை? வினை தானே பயன் தரும் என்னும் பாட்டரையும் பிரபாகரரையும் மறுத்து, வினைப்பயனைக் கூட்டுவான் இறைவனே என்று நாட்டியது சித்தாந்தம். ஒருவன் சஞ்சிதம் இத்துணைத்து, அதனுள் இப்பிறப்பிற்கு வந்தது இது என அறிதல் அவனுக்கே உரியது. பிறனொருவன் துன்பத்தைக் கண்டு அவன் வினையை அளந்து தீர்ப்புரைப்பவன், இறைவன் தொழிலைத் தான் ஏற்றுக்கொள்கின்றான். வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்கும் தன் செயலைத் திருத்தற்கும் உரியது. பிறன் துன்பத்தை ஒப்புக்கொள்வதற்கு உரியதன்று. கொடுக்கக்கூடியவன் கொடாது விடின், அஃது அவனுக்கு ஆகாமியமாய் ஏறும்.

நம் குரவர் செயலே இதற்குச் சான்று. திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்துற்றபோது, நாவரசரும் ஞானசம்பந்தரும் இறைவன்பாற் பெற்ற படிக்காசைக் கொண்டு அடியார்க்கு அமுதளித்தனர் எனப் பெரியபுராணம் கூறும். வினைக்கொள்கையை அவர்களினும் நன்கறிந்தார் யாவர்? அவர்கள் பசித்தாரிடம் வினையைப் பேசவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் பென்னிகுவிக்கின் உருவத்தை இல்லங்களிலும் கடைகளிலும் வைத்துப் போற்றுவதும், சனவரி 15-ஆம் நாள் அவர் நினைவாகப் பொங்கலிடுவதும், கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் 2013-இல் அவர்க்கு மணிமண்டபம் திறக்கப்பட்டதும் யாவரும் அறிந்தன. தெய்வங்கள் தோன்றுமாறு இதுவே என நாத்திகர் சிலர் இதனைச் சுட்டுவர். அம்மக்கள் அவரைப் பிறந்து இறந்த மனிதர் என்றே அறிவர். உலகிற்கு முதல்வர் எனக் கொண்டாரல்லர். அவர்கள் செய்வது நன்றி. அணைப்பணியில் நோயுற்று மாண்ட தொழிலாளர் பலர்க்கும் அந்நன்றி உரியது. அணை கட்டியோர் எச்சமயத்தார், கடவுளை ஒப்பினரோ இல்லையோ என்று நெற்பயிர் வினாவுவதில்லை. நாத்திகன் ஒருவன் பசித்தார்க்கு நீர்கொணர்வானாயின் அஃது அறமே. அவனைப் பழித்துக்கொண்டு வாய்க்காலை அடைப்பவன் ஆத்திகனாயினும் அஃது அறமன்று.

முடிவு

மேற்கூறியவற்றால் பெறப்பட்டவை இவை. காண்டற்கரியது என்பதுபற்றி முதற்பொருளை மறுத்தல் இயலாது. ஆயினும் அதுபற்றி நிறுவுதலும் இயலாது. செய்தவனைச் செய்தவன் யார் என்னும் வினா, ஒன்றுமில்லாமையினின்று படைத்தான் என்பார்க்கே இடராவது. நமக்கு இடராவது உலகம் தானே நடவாதோ என்பது. அதற்கு விடை உயிருண்மையை நாட்டுதலின்கண் உளது, கடிகாரத்தின்கண் இல்லை. துன்பம்பற்றிய வினாவிற்கு நூலில் விடை உண்டு. ஆயின் அவ்விடையைப் பிறர் துன்பத்தின்மேல் எறியும் உரிமை நமக்கில்லை. பகத்சிங் சாடியது அவ்வெறிதலையே. அதனை நம்மவருட் செய்வார் உள்ளவரை அவர் வினா தீராது.

எதிரியின் வாதத்தை அவன் ஒப்பும்படி எடுத்துக்கூறி, தன் வாதத்தை அதன் எல்லையோடு கூறுதலே பரபக்கம் நமக்குக் கற்பித்த முறை. அம்முறையிற் பயில்வார் நாத்திக நூல்களைக் கண்டு அஞ்சவும் வேண்டா, வெகுளவும் வேண்டா. அவற்றைப் படித்து, மூன்றாஞ் சூத்திரத்தைக் கையிற்கொண்டு, வழக்காடப் புகுவாராக.